வெள்ளைப் பூ, சிவப்பு இலை: டாக்வுட்டாக இருக்கக்கூடும்

வசந்தத்தில் நான்கு வெள்ளை இதழ்களுடன் பூத்து, இலையுதிர்காலத்தில் கருஞ்சிவப்பாக மாறும் சிறுமரம் எது என்று கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் டாக்வுட், அதாவது கார்னஸ் பேரினத்தைச் சேர்ந்ததாக இருக்கும். நீங்கள் இதழ்கள் என்று கருதியவை உண்மையில் பூவடிச் செதில்கள், அதாவது பூக்கொத்தின் அடியில் இதழ்போல் வளரும் மாறிய இலைகள். மெய்யான பூக்கள் அவற்றின் நடுவே சிறு கொத்தாக அமைந்திருக்கும். செதில்களின் நுனியில் பள்ளம் இருந்து, இலைகள் விரிவதற்கு முன்பே பூத்திருந்தால் அது கார்னஸ் புளோரிடா. நுனி கூர்மையாக இருந்து, இலைகள் வந்த பின் பூத்திருந்தால் கார்னஸ் கூசா.

இலையின் சிவப்பை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். சிவப்பைத் தரும் அந்தோசயனின் நிறமி உருவாவது வெயிலையும் குளிரையும் பொறுத்தது என்பதால், ஒரே மரத்தின் நிழற்பக்கம் வெளிறியே இருக்கலாம். அதைவிட நம்பகமானதும் எனக்கு மிகவும் பிடித்ததுமான சோதனை ஒன்று உண்டு: ஓர் இலையைக் குறுக்காக மெல்லப் பிய்த்து, இரு துண்டுகளையும் மெல்லிய வெண்ணிற இழைகள் பிணைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிணைத்திருந்தால் அது பெரும்பாலும் டாக்வுட்.