வாசகர் கேள்விகள்: கார்வெட்டில் எந்தத் தலைமுறை?

சென்ற இதழில் செவர்லே கார்வெட் பற்றி ஒரு பக்கம் எழுதியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. 1953-இல் பிறந்து இன்றும் தயாரிப்பில் இருக்கும் இந்த அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காருக்கு இதுவரை எட்டுத் தலைமுறைகள், ரசிகர்கள் அவற்றை சி1 முதல் சி8 வரை எண் போட்டு அழைக்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

சார், முதல் கார்வெட்தான் ஒரிஜினல், மற்றதெல்லாம் சும்மா என்கிறார் என் மாமா. சரியா? (பெனாங் வாசகர்)

மாமா எந்த ஆண்டுக் காரைச் சொல்கிறார் என்று கேளுங்கள். சி1 என்று ஒரே பெயரில் அழைத்தாலும் 1953 காரும் 1957 காரும் குணத்தில் வேறு வேறு. 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் காட்சிக்கு வைத்தார்கள், ஜூன் கடைசியில் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் தயாரிப்பு தொடங்கியது. அந்த ஆண்டு வந்தவை மொத்தமே 300 கார்கள், எல்லாமே வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. ஃபைபர் கிளாஸ் பாடி கொள்ளை அழகு, ஆனால் பானெட்டுக்கு அடியில் இருந்தது 150 குதிரைத்திறன் தரும் ஆறு சிலிண்டர் இன்ஜினும், இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக்கும். அடுத்த ஆண்டு 3,640 கார்கள் செய்தார்கள், அவற்றில் நிறைய விற்காமல் தேங்கின. 1955-இல் எட்டு சிலிண்டர் கொண்ட வி8 இன்ஜின் வந்தது. ஜோரா ஆர்க்கஸ்-டன்டோவ் என்ற பொறியாளர் காரைக் கையில் எடுத்தார், 1957-இல் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் நாலு கியரும் சேர்ந்து 283 குதிரைத்திறன் வரை கிடைத்தது. என்னைக் கேட்டால் அந்த 1957 காரிலிருந்துதான் கார்வெட் உண்மையான ஸ்போர்ட்ஸ் கார்.

சி3 தலைமுறையில் 1969 காருக்கு அடிப்படை இன்ஜினே 300 குதிரைத்திறன். 1975-இல் அது 165. இவ்வளவு மோசமாகவா போனது? (கோவை வாசகர்)

நிறையப் பேர் இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்து சி3-ஐ ஒதுக்கிவிடுகிறார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. ஏனென்றால் இரண்டும் ஒரே தராசில் நிறுத்தியவை அல்ல. 1971 வரை அமெரிக்கக் கம்பெனிகள் இன்ஜினைத் தனியாகக் கழற்றி மேடையில் வைத்து, ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர், சைலன்சர் என்று சக்தியைத் தின்னும் எதுவும் இல்லாமல் ஓடவிட்டு அளந்த எண்ணையே விளம்பரத்தில் போட்டார்கள். 1972 முதல் காரில் இருக்கும் நிலையிலேயே எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். கார்வெட்டின் அடிப்படை இன்ஜின் 1971-இல் 270 குதிரைத்திறன், 1972-இல் 200. இன்ஜினில் பெரிதாக எதுவும் மாறவில்லை, மாறியது அளக்கும் முறை.

ஆனால் முழு வித்தியாசமும் காகிதத்தில் மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது. ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓட வேண்டும் என்பதற்காக 1971-இலேயே கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவையை அழுத்தும் அளவை, குறைத்தார்கள், பெரிய 454 கன அங்குல இன்ஜின் 1974-ஓடு நின்றது, 1975-இல் புகைக்குழாயில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஏறியது. காற்று மாசைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டிய காலம் அது, அந்தச் சட்டங்கள் தேவையானவை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இன்ஜின் நுட்பம் அந்தத் தேவையை எட்டிப் பிடிக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயின, அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்ட கார் சி3. அப்படியிருந்தும் 1979-இல் 53,807 கார்கள் தயாராயின, எந்த ஓர் ஆண்டிலும் கார்வெட் அதைத் தாண்டியதில்லை. அந்தச் சுறா முகத்துக்கும், கூரையில் இரண்டு பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிற வசதிக்கும் மக்கள் பணம் கொடுத்தார்கள், அதில் தப்பே இல்லை.

1983 கார்வெட்டே கிடையாதாமே? (திருச்சி வாசகர்)

விற்பனைக்கு வந்த கார் கிடையாது. சி4 தயாராவதில் தாமதமாகி, அந்த ஆண்டையே விட்டுவிட்டு 1984 மாடலாக வெளியிட்டார்கள். சோதனைக்காகச் செய்த 1983 கார்கள் 43, மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, கென்டக்கி மாநிலம் பௌலிங் கிரீனில் உள்ள கார்வெட் மியூசியத்தில் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் அதே மியூசியத்தின் தரை உள்வாங்கி எட்டுக் கார்கள் பள்ளத்தில் விழுந்தன. நல்லவேளை, அவற்றில் இது இல்லை.

இன்ஜினைப் பின்னால் வைத்த சி8-ஐ கார்வெட் என்று ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (நியூ ஜெர்சி வாசகர்)

உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் நான் இதில் எதிர்ப்பக்கம். முதல் பதிலில் சொன்ன டன்டோவ், ஓட்டுநருக்குப் பின்னால் இன்ஜின் இருக்க வேண்டும் என்று 1960-லிருந்தே ஒற்றை இருக்கை சோதனைக் கார் செய்து காட்டிக்கொண்டிருந்தவர். 1970 நியூயார்க் கண்காட்சியில் அப்படிப்பட்ட கார்வெட் மாதிரி ஒன்றை மக்கள் பார்வைக்கே வைத்தார்கள். இருக்கிற கார் நன்றாக விற்கும்போது எதற்குச் செலவு என்பது மேலிடத்தின் எண்ணம். டன்டோவ் 1975-இல் ஓய்வு பெற்றார், 1996-இல் காலமானார், 2019 ஜூலையில்தான் சி8-ஐத் திரை விலக்கிக் காட்டினார்கள்.

சரி, ஆசைப்பட்டார் என்பதற்காக மட்டுமா மாற்ற வேண்டும்? இல்லை. முன்னால் இன்ஜின் வைத்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவும் போய்ப் பார்த்துவிட்டார்கள். சி2-வில் இன்ஜினைப் பின்னுக்குத் தள்ளினார்கள், சி5-இல் கியர்பாக்ஸையே கொண்டுபோய்ப் பின் அச்சில் வைத்து முன்-பின் எடையைக் கிட்டத்தட்டச் சரிபாதி ஆக்கினார்கள். சி7-இன் உச்ச மாடலான இசட்.ஆர்.1-க்கு 755 குதிரைத்திறன், பூஜ்யத்திலிருந்து 60 மைல் வேகம் 2.85 விநாடி என்றது கம்பெனி. சி8-இன் சாதாரண மாடல், இசட்51 என்ற கூடுதல் பேக்கேஜைச் சேர்த்தால், 495 குதிரைத்திறனோடு 2.9 விநாடியில் அதைத் தொடுகிறது. கார் சீறும்போது எடை பின் சக்கரங்களின் மேல் சாய்கிறது, இன்ஜினும் அங்கேயே உட்கார்ந்திருந்தால் டயர் சுழன்று வீணாகாமல் ரோட்டைக் கவ்வுகிறது. 260 குதிரைத்திறனை இன்ஜின் இருக்கும் இடமே ஈடுகட்டிவிட்டது என்றால், அந்த மாற்றம் நியாயமானதுதானே?

எனக்கு வருத்தம் வேறொன்றில் இருக்கிறது. சி8-இல் கிளட்ச் மிதி கிடையாது, எட்டு கியர் தானியங்கி மட்டும்தான். சி7 வரை ஏழு கியரைக் கையால் மாற்றி ஓட்ட முடிந்தது, அந்தச் சுகத்தை எந்த விநாடிக் கணக்கும் திருப்பித் தராது.

சனி, ஞாயிறு ஓட்டுவதற்காகப் பழைய கார்வெட் வாங்கப் பார்க்கிறேன். பட்ஜெட் குறைவு. சி4, சி5, சி6-இல் எது? (டல்லாஸ் வாசகர்)

சி5, யோசிக்காமல். 1997 முதல் 2004 வரை வந்தது. எல்.எஸ்.1 என்ற 5.7 லிட்டர் அலுமினிய இன்ஜின், தொடக்கத்தில் 345 குதிரைத்திறன், உதிரி பாகம் எங்கேயும் கிடைக்கும், தெரிந்த மெக்கானிக்கும் நிறைய. தரைத்தட்டுக்கு நடுவே எடை குறைந்த பால்சா மரத்தை வைத்துச் செய்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு யோசித்துக் கட்டிய கார். பின்பக்கம் சாமான் வைக்கவும் நல்ல இடம் உண்டு. கையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் சி5-இன் வேகமான மாடலான இசட்06, 2002 முதல் 2004 வரை வந்தது, 405 குதிரைத்திறன்.

வாங்கும்முன் இன்ஜினை ஓடவிட்டு இன்ஜின் முன்பக்கம் பெல்ட்டைச் சுழற்றும் கிராங்க் புல்லி தள்ளாடுகிறதா என்று பாருங்கள், ஸ்டியரிங் லாக் கோளாறுக்காகக் கம்பெனியே கார்களைத் திரும்ப அழைத்த ரீகால் வேலை முடிந்ததா என்று கேளுங்கள். சி4 விலை மலிவுதான், எனக்குப் பிடித்த காரும்கூட, ஆனால் 1992 முதல் 1996 வரை வந்த எல்.டி.1 இன்ஜினில் சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டர் தண்ணீர் பம்புக்கு நேர் கீழே இருக்கிறது, பம்ப் ஒழுகினால் அதுவும் போய்விடும். சி6-இல் சாதாரண மாடல் நல்ல கார். 7 லிட்டர் இசட்06 மட்டும் வால்வ் கைடு (வால்வைத் தாங்கி நேராக ஓடவைக்கும் குழல்) பரிசோதித்த ரசீது இல்லாமல் வேண்டாம்.

யாராவது மலிவு விலைக்கு சி3-ஐக் காட்டினால் ஒன்று நினைவிருக்கட்டும். ஃபைபர் கிளாஸ் துருப்பிடிக்காது, ஆனால் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள இரும்புக் கூடும் நன்றாகவே துருப்பிடிக்கும், மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அரித்துப்போயிருக்கும். லிஃப்டில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், கண்ணாடி ஓரத்துப் பட்டியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், அதற்குச் சம்மதிக்காதவரிடம் விலை பேசவே வேண்டாம்.