கரும்பலகையில் நகராததைத் திரையில் நகர்த்துங்கள்

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 9, 10ஆம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, கம்ப்யூட்டர் லேபும் இருக்கிறது. வீடியோ போட்டால் பிள்ளைகள் ஆசையாகப் பார்க்கிறார்கள், மறுநாள் கேட்டால் ஒன்றும் நிற்பதில்லை. வீட்டுக்கணக்கை போனில் படம் பிடித்து, வருகிற விடையை அப்படியே எழுதி வருகிறார்கள். பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை. இவற்றை உருப்படியாக எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: டீச்சர், முதலில் அந்த வீடியோக்களைக் குறைத்துவிடுங்கள். காட்பாடியில் நான் வகுப்பெடுத்த காலத்தில், வட்டத்தை ஒரே புள்ளியில் தொடும் கோடான தொடுகோடு பற்றிய ஒரு நல்ல வீடியோவை ஒரு பீரியட் முழுக்க ஓட்டினேன். வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்தது. மறுநாள், தொடுகோடும் ஆரமும் சந்திக்கும் இடத்தில் கோணம் எவ்வளவு என்று கேட்டபோது இரண்டே இரண்டு கைகள் உயர்ந்தன. வீடியோவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த நாற்பது நிமிடத்தில் பிள்ளைகள் எதையும் ஊகிக்கவில்லை, எதையும் தொடவில்லை, எங்கேயும் தப்பு செய்யவில்லை. பிறகு எப்படி மனதில் நிற்கும்?

காரணிப்படுத்துவதற்கும் மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.) கண்டுபிடிப்பதற்கும் சாக்பீஸே போதும். அதைத் திரையில் போட்டால் வெளிச்சம்தான் கூடும். கரும்பலகையால் முடியாத காரியம் ஒன்று உண்டு. வரைந்த படம் வரைந்தபடியே நிற்கும், அதை நகர்த்த முடியாது. ஓர் எண்ணை மாற்றினால் படம் என்ன ஆகும் என்று கேட்க வேண்டிய பாடங்களுக்கு மட்டும் திரையை எடுங்கள். 10ஆம் வகுப்பில் அப்படிப்பட்ட இடங்கள் ஏழெட்டு இருக்கும். வருஷத்துக்கு அவ்வளவு போதும், உங்கள் நேரப் பிரச்சினையும் அதிலேயே பாதி தீர்ந்துவிடும்.

கருவி என்று பார்த்தால் ஜியோஜீப்ரா ஒன்றை மட்டும் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் தன் முதுநிலைப் படிப்பின்போது தொடங்கிய, கணிதப் படங்களை வரைந்து நகர்த்திப் பார்க்கும் மென்பொருள் அது. வகுப்பறைக்கு இலவசம். நம் புதிய பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்று க்யூஆர் குறியீட்டோடு வரும் பகுதிகள் பலவும் இதில் செய்தவைதான். லேபில் ஒருமுறை நிறுவிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். நெட் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும் என்று காத்திருக்கும் பள்ளிகளுக்கு இது பெரிய வசதி.

இருபடிச் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். y = x² − 4x + c என்று அடியுங்கள். c-க்கு ஒரு ஸ்லைடர், அதாவது இழுத்தால் எண் மாறும் பட்டை, தானாகவே வரும். அதை உடனே நகர்த்திவிடாதீர்கள். c-யைக் கூட்டினால் வளைவு (இதற்குப் பரவளையம் என்று பெயர்) மேலே போகுமா, ஒடுங்குமா, பக்கவாட்டில் நகருமா என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் நோட்டில் ஒரு வரி எழுதட்டும், தோராயமாக ஒரு படமும் போடட்டும். ஒடுங்கும் என்று எழுதுபவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அப்புறம், அப்படி எழுதிய ஒரு மாணவியையே கூப்பிட்டு நகர்த்தச் சொல்லுங்கள். c = 3 என்றால் வளைவு x அச்சை 1-லும் 3-லும் வெட்டும். 4 என்றால் 2-இல் தொட்டு நிற்கும். 5 என்றால் அச்சைத் தொடாமல் மேலேயே நின்றுவிடும். இப்போது b² − 4ac எவ்வளவு என்று மூன்றுக்கும் கையால் போடச் சொன்னால் 4, 0, −4 என்று வரும். தன்மைக்காட்டி, அதாவது இந்த b² − 4ac, மிகை, பூச்சியம், குறை என்று மனப்பாடம் செய்த வரிக்கு அந்த இடத்தில் அர்த்தம் பிறக்கிறது. மொத்தமே பதினைந்து நிமிடம்தான்.

நேரம் இருந்தால் இதையும் செய்து பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்தது. y = x² + bx + 1 என்று அடித்து, வளைவு திரும்பும் இடமான முனைப்புள்ளியைக் குறித்து, அது போகும் தடம் தெரியும்படி வைத்துவிட்டு b-யை நகர்த்துங்கள். முனை நேர்கோட்டில் போகும் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அது தலைகீழான இன்னொரு பரவளையத்தை வரைந்துகொண்டு போகும். ஏன் என்று கேட்காமல் பிள்ளைகள் விடமாட்டார்கள். முனை (−b/2, 1 − b²/4) என்பதிலிருந்து b-யை நீக்கினால் y = 1 − x² கிடைக்கும் என்பதைக் கரும்பலகையில் நீங்கள் போட்டுக் காட்டலாம். திரையில் கண்டதற்குக் காரணம் பலகையில் கிடைக்கும்போது இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. பரவளையம் எதற்கு உதவும் என்று யாராவது கேட்டால் ஜவ்வாது மலையைக் காட்டுங்கள். பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த, இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் காவலூரில், 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.3 மீட்டர் கண்ணாடி, பரவளையத்தைச் சுழற்றினால் கிடைக்கும் வடிவம்தான்.

இரண்டு இடங்களில் கவனமாக இருங்கள். ஜியோஜீப்ராவில் x, y அச்சுகளின் அளவு ஒன்றாக இல்லாவிட்டால் வட்டம் முட்டை மாதிரி தெரியும், ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகள் செங்கோணத்தில் வெட்டாதது மாதிரி தெரியலாம். அமைப்பில் 1 : 1 என்று வைத்துவிடுங்கள். அடுத்தது, sin(30) என்று டிகிரி குறி இல்லாமல் அடித்தால் அது ரேடியன் (கோணத்தை அளக்கும் இன்னோர் அலகு) என்று எடுத்துக்கொண்டு −0.99 என்று காட்டும். 30° என்று அடித்தால்தான் 0.5 வரும். வகுப்பு நடுவில் இது நடந்தால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

முக்கோணவியலுக்கு லேபே வேண்டாம், உங்கள் போன் ஒன்று போதும். சாய்கோணம் காட்டும் இலவசச் செயலிகள் நிறைய உண்டு. ஊர்த் தண்ணீர் டேங்கிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று, அதன் உச்சியை நிமிர்ந்து பார்க்கும் ஏற்றக்கோணம் எடுக்கச் சொல்லுங்கள். 35° வந்தால் 20 × tan 35°, அதாவது 14 மீட்டர். கண் உயரம் ஒன்றரை மீட்டரைச் சேர்த்தால் 15.5. அடுத்த குழுவுக்கு 36° வரும், விடை 16-ஐத் தாண்டும். ஒரு டிகிரிக்கு அரை மீட்டர் வித்தியாசமா, யார் சொல்வது சரி என்று சண்டை வரும். அந்தச் சண்டையை நடக்க விடுங்கள். அளவீட்டில் பிழை எப்படி நுழைகிறது, சராசரி எதற்கு எடுக்கிறோம் என்று புத்தகக் கணக்கு ஒருபோதும் கேட்காததை அவர்களே கேட்பார்கள்.

புள்ளியியலுக்கு எக்செல். மே மாதத்து வேலூர் வெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் வெப்பநிலை 38, 40, 41, 39, 42 என்று இருந்தால் சராசரி 40, மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்டவிலக்கம் √2, அதாவது 1.41. முதலில் கையால் போடட்டும், பிறகு எக்செல்லில் சரிபார்க்கட்டும். அங்கே STDEV.S என்று அடித்தால் 1.58 வரும், ஏனென்றால் அது n − 1 ஆல் வகுக்கிறது (n என்பது மதிப்புகளின் எண்ணிக்கை, இங்கே 5). நம் பாடநூல் n ஆல் வகுக்கிறது, அதற்கு STDEV.P அடிக்க வேண்டும். இது தெரியாமல் 'கம்ப்யூட்டர் தப்பு' என்றோ 'புத்தகம் தப்பு' என்றோ முடிவுகட்டிவிடக் கூடாது.

பொதுத்தேர்வை மறக்கச் சொல்லவில்லை. 10ஆம் வகுப்புத் தேர்வில் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 மதிப்பெண், இரண்டும் பென்சிலும் ஸ்கேலும் பிடித்துப் போட வேண்டியவை. அதனால் திரையில் பார்த்த அதே வளைவை அன்றைக்கே வரைபடத்தாளில் போட வையுங்கள். எப்படி வர வேண்டும் என்று முன்பே கண்டவர்கள், ஒரு புள்ளி தவறினால் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, போனில் படம் பிடிக்கும் விஷயம். தடை போட்டுப் பயனில்லை, வீட்டில் அதைப் பார்க்க நாம் இருக்கப்போவதில்லை. வீட்டுக்கணக்கை மாற்றுங்கள். x² − 7x + 12 = 0 தீர் என்று கொடுத்தால் செயலி ஒரு நொடியில் தீர்த்துவிடும். மூலங்களின், அதாவது தீர்வுகளின், கூடுதல் 7 வரும்படி மூன்று சமன்பாடுகளை நீயே எழுது, அவற்றில் ஒன்றுக்கு மெய்யான மூலம் இருக்கக் கூடாது என்று கொடுங்கள். அல்லது ஒரு படியில் தப்பு வைத்த தீர்வைக் கொடுத்து, எங்கே தப்பு, ஏன் என்று இரண்டு வரி தமிழில் எழுதச் சொல்லுங்கள். இதற்கும் ஏஐயிடம் கேட்டு எழுதி வருபவர்கள் இருப்பார்கள். அதனால் மறுநாள் காலை முதல் ஐந்து நிமிடம், மூன்று பேரை பலகைக்கு அழைத்து வாயால் விளக்கச் சொல்லுங்கள். யார் வேண்டுமானாலும் அழைக்கப்படலாம் என்று தெரிந்தால், போனில் வந்த விடையையாவது புரிந்துகொண்டு வருவார்கள்.

இந்த வாரமே தொடங்குவதென்றால் c ஸ்லைடரிலிருந்து தொடங்குங்கள். வகுப்புக்கு முந்தைய நாள், அந்த ஸ்மார்ட் போர்டிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். வகுப்பில் மவுஸ் மட்டும் உங்கள் கையில் இருக்க வேண்டாம்.