ஆய்வுக்கு அழைத்தால் போகலாமா?

அன்பின் தங்கைக்கு,

வவுனியாவிலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன என்றும், ஆங்கில வகுப்புக்கு வந்த ஒருவர் புதிதாகக் குடியேறியோரின் வாழ்வு பற்றிய சமூகம்சார் ஆய்வொன்றில் பங்குபற்றுமாறு கேட்டு ஒரு தாளைத் தந்துவிட்டுப் போனார் என்றும், அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணைக்கு வராத நிலையில் அங்கே வாய் திறந்தால் கேஸ் பழுதாகிவிடுமோ என்று கணவர் அஞ்சுகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். போகலாமா, போனால் நமக்கு என்ன பயன் என்பது உங்கள் கேள்வி. நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது ஆண்டுகளாகின்றன. இப்படியான ஆய்வுகளில் முதலில் பதில் சொல்பவளாகவும், பின்னர் கேள்வி கேட்பவளாகவும் இருந்திருக்கிறேன்.

கணவரின் அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கனடாவின் பல்கலைக்கழகமொன்று மனிதரிடம் தகவல் திரட்டி ஆய்வு நடத்துவதானால், அதற்கு அங்குள்ள ஆய்வு நெறிமுறைச் சபையின் அனுமதி வேண்டும். கூட்டரசின் மூன்று ஆய்வு நிதி நிறுவனங்கள் சேர்ந்து 1998இல் வெளியிட்டு, பின்னர் பலமுறை திருத்திய பொதுக் கொள்கை ஒன்று இதற்கு அடிப்படையாக இருக்கிறது. அதன்படி, விளங்கும் மொழியில் எல்லாவற்றையும் சொல்லி உங்கள் சம்மதத்தைப் பெற வேண்டும்; பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம்; இடையில் எழுந்து போகலாம்; போனதற்காக வகுப்போ வேறு உதவியோ நிறுத்தப்படக் கூடாது. ஆய்வாளரின் வேலை குடிவரவுத் திணைக்களத்துக்குத் தகவல் கொடுப்பதன்று, அவருடைய குறிப்புகள் உங்கள் கோப்பில் சேர்வதுமில்லை. ஆனாலும் இரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதை மறைக்க மாட்டேன். பிள்ளையொன்று துன்புறுத்தப்படுவதாகத் தெரியவந்தால் ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி அதை அறிவிக்க வேண்டும். மேலும், குழுவாக இருந்து பேசும்போது ஆய்வாளர் வாயை மூடிக்கொண்டாலும் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் மூடுவார் என்பதற்கு உத்தரவாதமில்லை. நம்முடைய ஊர்ச் சனத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே வீட்டு வாடகை, வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம், மருத்துவரைக் காண்பது போன்றவற்றைத் தாராளமாகப் பேசுங்கள். நாட்டை விட்டு வந்த கதையைச் சட்டத்தரணியிடம் மட்டும் சொல்லுங்கள். ஆய்வை நடத்துவது பல்கலைக்கழகமன்றி ஒரு சிறு அமைப்பாக இருந்தால், நெறிமுறை அனுமதி யாரிடம் பெற்றார்கள் என்று கேட்பதில் தவறில்லை.

இனி, 'சமூகம்சார்' என்ற சொல்லுக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவினர் எங்கள் கட்டடத்துக்கு வந்து, இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டு, ஒரு பரிசு அட்டையைக் கையில் வைத்துவிட்டுப் போனார்கள். என்ன எழுதினார்கள், யாரிடம் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்படி எடுத்துக்கொண்டு மறைந்து போகும் வழக்கத்தை இந்நாட்டின் முதற்குடி மக்கள் எங்களைவிட நெடுங்காலம் அனுபவித்தவர்கள். தங்களைப் பற்றிய தகவலின் உரிமையும் கட்டுப்பாடும் தங்களுடையதாக இருக்க வேண்டும், அது தங்கள் கைக்கு எட்ட வேண்டும், தங்கள் வசமே இருக்க வேண்டும் என்ற நான்கு கோட்பாடுகளை அவர்கள் 1998இல் வகுத்தார்கள். குடியேறியோர் பற்றிய ஆய்வுகளிலும் இன்று அதே நியாயத்தை நாம் கேட்கிறோம். கிச்சினர்-வாட்டர்லூப் பகுதியில் 1982இலிருந்து இயங்கிவரும் சமூகம்சார் ஆய்வு நிலையம் போன்றவை இம்முறையில் வேலை செய்பவை. எதை ஆராய்வது என்பதிலிருந்து, கிடைத்த பதிலுக்கு என்ன பொருள் என்பதுவரை, ஆராயப்படும் மக்களும் கூட இருந்து தீர்மானிக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

இது வெறும் மரியாதைக்காகச் செய்யப்படுவது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். பிறகு முதியோரின் மனநலம் பற்றிய ஓர் ஆய்வில் என்னைச் சக ஆய்வாளராக, அதாவது ஆராயப்படும் சமூகத்திலிருந்தே வந்து அவர்களோடு சேர்ந்து ஆய்வு செய்பவராக, சேர்த்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் எழுதிய வினாக்கொத்தை யாரோ காசுக்கு மொழிபெயர்த்துத் தந்திருந்தார்கள். 'கடந்த ஒரு மாதத்தில் உங்களுக்கு அழுத்தம் இருந்ததா?' என்பது அதில் ஒரு கேள்வி. நான் சந்தித்த முதல் அம்மா, "ஓம் பிள்ளை, இருக்கு. காலமையும் பின்னேரமும் குளிசை போடுறன்" என்றார். அவர் இரத்த அழுத்தத்தைச் சொன்னார். இரண்டாமவரும் மூன்றாமவரும் அப்படியே. அந்தப் பதில்களைத் தாளில் குறித்து அனுப்பியிருந்தால், தமிழ் முதியோரில் பெரும்பாலோர் மன உளைச்சலுக்கு மருந்து உட்கொள்கிறார்கள் என்று அறிக்கை வந்திருக்கும்! அடுத்த கூட்டத்தில் நாங்கள் மூன்று பெண்கள் இருந்து, அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'மனதில் யோசனை கூடுதலாக இருந்ததா?' என்று மாற்றினோம். அதே அம்மாவிடம் திரும்பிப் போனேன். "ஒரே யோசனைதான் பிள்ளை, இரவிலை நித்திரை இல்லை" என்று தொடங்கியவர் தேநீர் ஆறும்வரை பேசினார். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடும் நேரத்தில்தான் முதியோர் வகுப்பு வைக்கிறார்கள் என்பதும், தொலைபேசியில் ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்து, பிரெஞ்சுக்கு இரண்டை அழுத்து என்று இயந்திரம் சொன்னவுடன் வைத்துவிடுகிறார் என்பதும் அப்போதுதான் வெளிவந்தன. யோசனை என்றால் கவலை என்று நம் ஊரில் யாரும் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. பட்டம் பெற்ற ஆய்வாளருக்கோ அதை ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

பயன் என்ன என்று கேட்டீர்கள். ரொறன்ரோத் தமிழரின் மனநலம் பற்றி மனநல மருத்துவர் மோர்ட்டன் பைசரும் அவருடைய குழுவினரும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் செவ்வி கண்டு 2003இல் வெளியிட்ட ஆய்வு, பெருந்துயரின் பின்விளைவான மனவடு நம்மிடையே எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதையும், அதனால் வருந்துவோரில் மிகச் சிலரே சிகிச்சையை நாடுகிறார்கள் என்பதையும் எண்களில் காட்டியது. நாம் வீட்டுக்குள் அறிந்திருந்த செய்திதான். ஆனால் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும்போது 'வீட்டுக்குள் எல்லாருக்கும் தெரியும்' என்று எழுத முடியாது. அதேவேளை, இன்று பேசினால் நாளை வேலை கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 'கனடிய அனுபவம்', அதாவது கனடாவில் முன்பு வேலை செய்த அனுபவம், கேட்டு வேலை மறுப்பது பாகுபாடாகலாம் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு கொள்கை வெளியிட்டது 2013இல்; வேலை விளம்பரத்தில் அதைக் கேட்கக் கூடாது என்ற சட்டவிதி நடைமுறைக்கு வந்தது 2026 ஜனவரியில். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் எத்தனை பொறியியலாளர்கள் தொழிற்சாலை இரவு வேலையில் முதுமை அடைந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வரும்.

ஓரளவு விரைவாகப் பலன் தெரிவது உள்ளூர் மட்டத்தில். 2008இலிருந்து ஒன்ராறியோவில் உருவான உள்ளூர்க் குடிவரவுக் கூட்டமைப்புகளில், மாநகர சபை, பள்ளிச் சபை, குடியமர்வு அமைப்புகள், வேலைகொடுப்போர் எல்லாரும் ஒரு மேசையில் கூடுகிறார்கள். அப்படியான ஒரு மேசைக்கு உங்கள் ஆய்வின் முடிவு போனால், வகுப்பு நேரத்தை மாற்றுவது போன்ற சிறு காரியங்கள் நடக்க வாய்ப்புண்டு. ஆகவே தாளில் உள்ள எண்ணுக்கு அழைத்து, முடிவுகள் யாரிடம் போகும், எங்களுக்குத் தமிழில் எப்போது சொல்வீர்கள், கேள்விகளை அமைத்த குழுவில் புதிதாக வந்தவர் எவராவது இருந்தாரா என்று கேளுங்கள். சட்டென்று பதில் வராவிட்டால் வேறு ஆய்வுக்குக் காத்திருக்கலாம். இந்த நகரில் அதற்குப் பஞ்சமில்லை.

காசைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டது உங்கள் எழுத்தில் தெரிந்தது. பங்குபற்றுவோருக்குப் பெரும்பாலும் ஒரு சிறு தொகையோ பரிசு அட்டையோ கொடுப்பார்கள். நீங்கள் சமூக உதவிப் பணம் பெறுபவராக இருந்தால், அது வருமானமாகக் கணக்கிடப்படுமா என்று உங்கள் அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சக ஆய்வாளராக அழைத்தால் அது வேறு விடயம். அது வேலை, அதற்கு மணித்தியாலக் கூலி கேட்க வேண்டும், உங்கள் வேலை அனுமதிப்பத்திரம் கையில் இருக்க வேண்டும். பஸ் கட்டணத்தையும், மாலையில் கூட்டமென்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும் அவர்களே ஏற்பாடு செய்வார்களா என்பதையும் அதே அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்.