மன்னிப்பு கிடைத்தபின்னும் பொய்யின் விளைவு தொடருமா? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்த கணவன் மனைவியான அனனியாவும் சப்பீராளும், முழுவதையும் கொடுத்ததாகப் பொய் சொன்னதும் விழுந்து செத்தார்கள். இன்று பொய் சொல்கிறவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

பதில்: வேதத்திலேயே பொய் சொன்ன எல்லாரும் அப்படி விழவில்லை. யாக்கோபைப் பாருங்கள். அண்ணன் ஏசாவுக்குரிய ஆசீர்வாதத்தைப் பெற, ரோமமுள்ள அண்ணனைப்போல் தோன்ற வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கையில் போர்த்திக்கொண்டு, கண் மங்கிய தகப்பனை ஏமாற்றினான். இடி ஒன்றும் விழவில்லை. ஆனால் அண்ணனுக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓட வேண்டிவந்தது. அதன்பின் தாயைப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. ராகேலை மணக்க உழைத்தவனுக்கு, மாமன் லாபான் ஏமாற்றி அவள் அக்காள் லேயாளைக் கொடுத்தான். முதிர்வயதில், பெற்ற பிள்ளைகளே தங்கள் தம்பி யோசேப்பை விற்றுவிட்டு, அவன் செத்துவிட்டான் என்று நம்பவைக்க அவன் அங்கியை வெள்ளாட்டு இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து காட்டினார்கள். தகப்பனை ஏமாற்ற அவனுக்கு உதவிய அதே ஆடு! இத்தனைக்கும் தேவன் அவனைக் கைவிடவில்லை. கிருபையும் இருந்தது, விளைவும் இருந்தது.

கேள்வி: அனனியா முழுப் பணத்தையும் கொடுக்காததுதான் குற்றமா?

பதில்: இல்லை. நிலம் அவனுடையது, விற்ற பணமும் அவன் வசத்தில்தான் இருந்தது என்று அப்போஸ்தலர் பேதுருவே சொல்கிறார். பாதியைக் கொடுத்து, பாதி என்றே சொல்லியிருக்கலாம். முழுவதும் கொடுத்தவன் என்ற பெயருக்கு ஆசைப்பட்டான்.

கேள்வி: ஒருவரை ஏமாற்றிப் பணம் வாங்கினேன். ஜெபத்தில் அறிக்கை செய்துவிட்டேன். பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

பதில்: கொடுக்க வேண்டும். ஏமாற்றப்பட்டவர் உங்கள் ஜெபத்தைக் கேட்கவில்லையே! லேவியராகமம் 6ஆம் அதிகாரம், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனுக்குக் கொடு, பிறகு பலியைக் கொண்டுவா என்கிறது. இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னான். இதனால் இரட்சிப்பை விலைக்கு வாங்க முடியாது. 1 யோவான் 1:9 சொல்லும் மன்னிப்பு இலவசம்தான். ஆனால் மனந்திரும்பியவன் கை சும்மா இருக்காது. மொத்தமாக முடியாவிட்டால் தவணை கேளுங்கள். வழக்கு வரக்கூடிய விஷயமானால் வழக்கறிஞரையும் பாருங்கள். அது அவிசுவாசம் அல்ல.

கேள்வி: எரிகோவில் இஸ்ரவேலின் வேவுகாரரை ஒளித்துவைத்துக் காப்பாற்ற ராகாப் பொய் சொன்னாளே, அண்ணா?

பதில்: இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை! எந்தப் பொய்யும் கூடாது என்றார் பழைய திருச்சபைப் போதகர் அகஸ்டின்; உயிர் காக்கச் சொன்னதை வேறாகப் பார்ப்பவர்களும் உண்டு. எபிரெயர் 11 புகழ்வது அவளுடைய விசுவாசத்தை. நம்மில் பெரும்பாலோர் பொய் சொல்வது நம் தோலைக் காக்கத்தான். அதற்கு ராகாபைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

கேள்வி: பணவிஷயத்தில் பலமுறை பொய் சொன்ன கணவரை மன்னித்துவிட்டேன். ஆனால் நம்ப முடியவில்லை. இது பாவமா?

பதில்: பாவமில்லை, சகோதரி. எகிப்தில் அதிகாரியான யோசேப்பு, தன்னை விற்ற அண்ணன்மாரைப் பார்த்து மறைவில் அழுதான். ஆனாலும் உடனே தன்னை வெளிப்படுத்தவில்லை. தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்துச் சோதித்தான். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன் யூதா முன்வந்த பிறகே, நான் யோசேப்பு என்றான். மன்னிப்பை நீங்கள் கொடுத்தாயிற்று. நம்பிக்கையை அவர்தான் சம்பாதிக்க வேண்டும். வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். கோபப்படாமல் காட்டுகிறாரா என்று பாருங்கள்.