டேமேஜ் மீட்டரில் ரோக் கடைசியில் நிற்பது ஏன்?

கேள்வி: அண்ணா, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு தினமும் போய்வந்து ஷிஃப்டில் வேலை பார்க்கிறேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்கிற ஆன்லைன் விளையாட்டில் ரோக் (ஒளிந்து போய் அடிக்கும் வீரன்) கிளாஸை எடுத்து 60வது லெவலுக்கு வந்துவிட்டேன். தனியாக ஆடும்போது எவனையும் வீழ்த்த முடிகிறது. டன்ஜன் (சின்னக் குழு போவது), ரெய்டு (பெரிய குழு போவது) என்று குழுவோடு போனால், யார் எவ்வளவு அடித்தார்கள் என்று காட்டும் டேமேஜ் மீட்டரில் நான்தான் கடைசி, முதலில் சாகிறவனும் நான்தான். இரண்டு கையிலும் டேகர் (குத்துவாள்). ஒளிந்து போய் ஆம்புஷ் அடி, அப்புறம் சினிஸ்டர் ஸ்ட்ரைக் அடி, அடிக்க அடிக்கச் சேர்கிற காம்போ பாயிண்ட் 5 ஆனதும் அதைச் செலவழித்து எவிசரேட். பாஸ் (பெரிய எதிரி) சண்டை நடுவில் வேனிஷ் போட்டு மறைந்து மறுபடி ஆம்புஷ் அடித்தால் டேமேஜ் கூடுமா? பிங் (சர்வரோடு பேச ஆகும் தாமதம்) 200 மில்லி செகண்ட் காட்டுகிறது. குழுவில் கிளாஸை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம், தம்பி. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கிளாஸில் கோளாறு எதுவும் இல்லை. 60 லெவல் வரை தனியாக ஆடிய பழக்கத்தை அப்படியே ரெய்டுக்குள் கொண்டுபோயிருக்கிறீர்கள், அவ்வளவுதான். தனியாக ஆடும்போது எதிரி பத்துப் பதினைந்து செகண்டில் விழுந்துவிடுவான். அங்கே முதல் அடிதான் பாதி சண்டை. ரெய்டு பாஸ் இரண்டு மூன்று நிமிடம் நிற்பான். அங்கே ஒளிந்து வந்து அடித்த முதல் அடிக்குப் பெரிய மதிப்பு கிடையாது.

கணக்குப் போட்டே பார்ப்போம். ரோக்கின் எனர்ஜி, அதாவது அடிகளுக்குச் செலவாகும் சக்தி, 100. இரண்டு செகண்டுக்கு ஒருமுறை 20 ஏறும். சண்டை இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், கையில் இருக்கும் 100, வரப்போகிற 1200, ஆக மொத்தம் 1300 எனர்ஜி. ஆம்புஷுக்குப் போவது அதில் 60. மீதி 1240ஐ எப்படிச் செலவழித்தீர்கள் என்பதுதான் மீட்டரில் உங்கள் இடத்தை முடிவு செய்கிறது.

உங்கள் கேள்வியில் ஒரு பெயரே வரவில்லை: ஸ்லைஸ் அண்ட் டைஸ். பத்தாவது லெவலிலேயே கிடைக்கிற திறமை. அழுத்தினால் திரையில் பெரிய எண் எதுவும் வராது, அதனால் பலர் அதை மறந்தே போகிறார்கள். ஆனால் ரோக்கின் டேமேஜில் பெரிய பங்கு நீங்கள் பட்டன் அழுத்தாமலே கை தானாக அடிக்கும் வெள்ளை அடியிலிருந்து வருகிறது. ஸ்லைஸ் அண்ட் டைஸின் இரண்டாம் ரேங்க் அந்த அடியின் வேகத்தை 30 சதவீதம் கூட்டுகிறது. அடி கூடினால் ஆயுதத்தில் தடவிய விஷம் ஏறும் வாய்ப்பும் கூடும். இதற்கு ஆகிற செலவு வெறும் 25 எனர்ஜி. இதைப் போடாமல் எவிசரேட் மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் மீட்டரில் கடைசியில் நிற்பதில் ஆச்சரியமே இல்லை.

எவ்வளவு நேரம் நிற்கும்? 1 பாயிண்டில் போட்டால் 9 செகண்ட், கூடுகிற ஒவ்வொரு பாயிண்டுக்கும் 3 செகண்ட், 5 பாயிண்டுக்கு 21 செகண்ட். சினிஸ்டர் ஸ்ட்ரைக் 45 எனர்ஜி கேட்கும், டேலண்டில் (லெவல் ஏறும்போது கிடைக்கும் புள்ளிகளைப் போட்டுத் திறமையை வலுப்படுத்தும் இடம்) இரண்டு புள்ளி போட்டால் 40. அதாவது நான்கு செகண்டுக்கு ஒரு அடி, 5 பாயிண்ட் சேர 20 செகண்ட். இப்போது பாருங்கள்: சேர்ப்பதற்கு 20 செகண்ட், நிற்பது 21 செகண்ட். ஸ்லைஸ் அண்ட் டைஸை நீட்டும் டேலண்ட் இல்லையென்றால் சேர்த்த பாயிண்ட் எல்லாம் இதற்கே சரியாகப் போய்விடும். அதனால்தான் அசாசினேஷன் என்கிற டேலண்ட் மரத்தின் பக்கம் போய் இம்ப்ரூவ்டு ஸ்லைஸ் அண்ட் டைஸில் மூன்று புள்ளி போடச் சொல்கிறோம். 21 செகண்ட் 30 செகண்டாக நீளும். மிச்சமாகிற நேரத்தில் அடிப்பதுதான் எவிசரேட். அதே மரத்தில் ரிலென்ட்லெஸ் ஸ்ட்ரைக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 5 பாயிண்டில் எந்த ஃபினிஷர் (பாயிண்டைச் செலவழிக்கும் அடி) அடித்தாலும் 25 எனர்ஜியைத் திருப்பித் தரும். ஸ்லைஸ் அண்ட் டைஸின் விலையும் 25, ஆக இலவசம்.

நடைமுறையில் இப்படி ஆடுங்கள். சண்டை தொடங்கியதும் சினிஸ்டர் ஸ்ட்ரைக் ஒன்றோ இரண்டோ அடித்து, 5 சேரும் வரை காத்திருக்காமல் உடனே ஸ்லைஸ் அண்ட் டைஸ் போட்டுவிடுங்கள். அப்புறம் 5 சேருங்கள். சேர்ந்ததும் ஸ்லைஸ் அண்ட் டைஸ் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பாருங்கள். தீரப்போகிறது என்றால் அதையே புதுப்பியுங்கள், இல்லையென்றால் எவிசரேட். நடுவில் அது அணையப்போகிறது, கையில் 2 பாயிண்ட்தான் இருக்கிறது என்றால் அந்த இரண்டையே போட்டுவிடுங்கள். அதை அணைய விட்டுவிட்டு ஐந்துக்குக் காத்திருப்பது நஷ்டம். கிளாசிக்கில் காம்போ பாயிண்ட் எதிரியின் மேல்தான் நிற்கும், வேறு எதிரிக்குத் திரும்பி அடித்தால் பழையது போய்விடும். டன்ஜனில் சின்ன எதிரிகள் மளமளவென்று விழும்போது, அவன் சாவதற்குள் இருக்கிற பாயிண்டைச் செலவழித்துவிடுங்கள்.

எனர்ஜி 100ஐத் தொட மட்டும் விடாதீர்கள். தொட்டி நிரம்பிய பிறகும் மோட்டார் ஓடினால் தண்ணீர் வெளியே போவதுபோல் ஏறுகிற இருபதும் வீண்தான். அதே சமயம் 40 வந்த கணமே பட்டனைத் தட்டித் தீர்க்க வேண்டியதும் இல்லை. 50, 60 என்று கையில் வைத்துக்கொண்டு ஆடினால்தான் கிக் அடிக்க வேண்டிய நேரத்தில் எனர்ஜி இருக்கும். கிக்குக்கு 25 போதும், எதிரி மந்திரம் சொல்வது நின்று, அந்த வகை மந்திரமே 5 செகண்ட் பூட்டிக்கொள்ளும். டேமேஜ் மீட்டர் இதைக் காட்டாது. ஆனால் ஹீல் போடவிருந்த எதிரியைச் சரியான நேரத்தில் நிறுத்துகிற ரோக்கை எந்தக் குழுவும் கிளாஸை மாற்றச் சொல்லாது.

இனி, முதலில் சாவது ஏன் என்று பார்ப்போம். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, நிற்கிற இடம். பாஸுக்கு எப்போதும் பின்னால் நில்லுங்கள். முன்னால் நின்றால் டேங்குக்கு (பாஸின் அடியைத் தாங்கி நிற்பவர்) விழ வேண்டிய, பக்கத்தில் நிற்பவரையும் சேர்த்து வெட்டும் கிளீவ் அடி உங்கள் மேலும் விழும். உங்கள் அடியை பாஸ் பேரி செய்வான் (ஆயுதத்தால் தட்டிவிடுவான்), டேமேஜ் அப்படியும் குறையும். இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது: கிளாசிக்கில் பாஸ் ஒரு அடியை பேரி செய்தால் அவனுடைய அடுத்த அடி சீக்கிரமாக வந்துவிடும். அது டேங்கின் தலையில்தான் இறங்கும். முன்னால் நிற்கும் ஒரு ரோக்கால் டேங்க் சாகலாம், டேங்க் செத்தால் எல்லோரும் சாவார்கள். ஓனிக்சியா மாதிரி டிராகன் என்றால் பின்னாலும் வால் இருக்கிறது. அது வீசினால் முட்டைகளுக்கு நடுவே போய் விழுவீர்கள், குஞ்சுகள் கிளம்பிவிடும். அங்கே பின்பக்க விலாவோரம் நில்லுங்கள்.

இன்னொன்று, அக்ரோ, அதாவது பாஸின் கோபம் உங்கள் மேல் திரும்புவது. அருகில் நின்று அடிக்கிறவர்கள் டேங்கின் த்ரெட்டில் (பாஸ் யாரை அடிப்பது என்று முடிவு செய்யும் கணக்கு) 110 சதவீதத்தைத் தாண்டினால் பாஸ் திரும்பிவிடுவான். டேங்க் இன்னும் ஒரு அடிகூட ஒழுங்காக அடிக்காத நேரத்தில் கிரிட்டில் (வழக்கத்தைவிடப் பலமாக) ஒரு ஆம்புஷ் விழுந்தால் என்ன ஆகும்? நேராக உங்களிடம் வருவான். தோல் கவசம் போட்ட ரோக் இரண்டு அடி தாங்குவதே பெரிய விஷயம். டேங்க் இரண்டு மூன்று சண்டர் (டேங்கின் த்ரெட்டை ஏற்றும் அடி) போடும் வரை பொறுங்கள். த்ரெட்டைக் குறைக்கும் ஃபெயின்ட்டை 10 செகண்டுக்கு ஒருமுறை போடலாம், 20 எனர்ஜிதான். த்ரெட் ஏறுகிறது என்று தெரிந்ததுமே போடுங்கள்.

வேனிஷ் பற்றிக் கேட்டீர்கள். அதன் கூல்டவுன் (மறுபடி போடக் காத்திருக்க வேண்டிய நேரம்) 5 நிமிடம். மறைந்து மறுபடி ஆம்புஷ் அடிக்க 60 எனர்ஜி வேண்டும், அந்த இடைவெளியில் வெள்ளை அடியும் நின்றுபோகும். கிடைப்பது சொற்பம். அதே வேனிஷ் உங்கள் த்ரெட்டை முழுவதுமாகத் துடைத்துவிடும். பாஸ் உங்கள் பக்கம் திரும்பப் போகிற நேரத்துக்காக அதை வைத்திருங்கள். பையில் ஃபிளாஷ் பவுடர் இல்லையென்றால் வேனிஷ் வேலை செய்யாது, ரெய்டுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஆயுதத்தை மாற்றத்தான் வேண்டும். டேகரை வைத்துக்கொண்டு சினிஸ்டர் ஸ்ட்ரைக் அடிப்பதில் இரண்டு நஷ்டம். அந்த அடி ஆயுதத்தின் சொந்த டேமேஜைக் கணக்கில் எடுக்கும், வேகமான டேகரில் ஒவ்வொரு அடியின் டேமேஜும் சின்னது. போதாததற்கு, அட்டாக் பவரைச் சேர்க்கும்போது டேகரை 1.7 வேகம் என்றும், ஒற்றைக் கை வாள், கதாயுதம் போன்றவற்றை 2.4 வேகம் என்றும் ஆட்டம் கணக்கிடுகிறது. டேகர் வைத்தால் பேக்ஸ்டாப் அடிக்க வேண்டும். அது 60 எனர்ஜி, முதுகுக்குப் பின்னால் நின்றே ஆக வேண்டும், டேலண்டும் அதற்கேற்ப வேண்டும். நன்றாக ஆடுகிறவர்கள் அப்படியும் ஆடுகிறார்கள். உங்களுக்கு நான் சொல்வது வாள்தான். அதற்குக் காரணம் உங்கள் பிங். பாஸ் நகரும்போது உங்கள் திரையில் அவன் முதுகு தெரியும், சர்வரில் அவன் ஏற்கெனவே திரும்பியிருப்பான். 200 மில்லி செகண்ட் தாமதத்தில் பேக்ஸ்டாப் பட்டனை அழுத்தி, எதிரிக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்கிற சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். சினிஸ்டர் ஸ்ட்ரைக்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

மெயின் ஹேண்டில் (முதன்மைக் கையில்) மெதுவாக, ஓங்கி அடிக்கும் வாள், ஆஃப் ஹேண்டில் (மற்றக் கையில்) வேகமான வாள். இதுவரை டேகர் மட்டுமே பிடித்திருந்தால் வாள் திறன் அடிமட்டத்தில் இருக்கும், 300 ஆக்காமல் ரெய்டுக்குப் போகாதீர்கள், அடி பட்டால்தானே. அதற்கு பிளாஸ்டட் லேண்ட்ஸில் ரஸெலிக்கின் வேலைக்காரர்கள் என்று சில பேய்கள் உண்டு. எவ்வளவு அடித்தாலும் சாகாது, உயிர் குறைந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளும். வாள் திறன் ஏறும், மேலே சொன்ன ஸ்லைஸ் அண்ட் டைஸ் வரிசையும் அங்கேயே கைக்குப் பழகிவிடும். ஒரு வேலையில் இரண்டு காரியம்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. விஷம் 30 நிமிடம்தான் நிற்கும், தீர்ந்ததைக் கவனிக்காமல் ஆடுகிறவர்கள் நிறைய. ஹோர்ட் (ஆட்டத்தின் இரண்டு அணிகளில் ஒன்று) பக்கம் ஆடினால், ஷாமன் கிளாஸ்காரர் ஆயுதத்துக்குப் பலம் தரும் விண்ட்ஃப்யூரி டோட்டம் போடும் குழுவில் மெயின் ஹேண்டில் விஷம் தடவாதீர்கள், டோட்டத்தின் பலன் ஏறாது. பாஸைப் பின்னாலிருந்து அடித்தாலும் லெவல் வித்தியாசத்தால் அடி தவறும், 300 திறனுக்கு மஞ்சள் அடி (பட்டன் அழுத்தி அடிப்பது) தவறாமல் இருக்க 9 சதவீதம் ஹிட் சேருங்கள். பிளேடு ஃப்ளரி பக்கத்தில் இருக்கிறவனையும் அடிக்கும், சாப்போ ஷீப்போ போட்டு நிறுத்திய எதிரி அருகில் இருந்தால் அந்த பட்டனைத் தொடாதீர்கள். சாப் மனித வகை எதிரிக்கு மட்டும்தான். ஸ்ட்ராத்ஹோமில் ஸ்கார்லெட் பக்கம் பலிக்கும், பிணங்கள் நடமாடும் பக்கம் பலிக்காது. உங்கள் ஒளியும் திறமை குழுவுக்கு நிஜமாக உதவுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

கடைசியாக பிங். பயப்படாதீர்கள், ரோக்குக்கு அது அவ்வளவு பெரிய எதிரி இல்லை. எனர்ஜி ஏறுவது சர்வரில் இரண்டு செகண்டுக்கு ஒருமுறை, ஒரு திறமைக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு செகண்ட் எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். ஐந்தில் ஒரு செகண்ட் தாமதம் அதற்குள் அடங்கிவிடும். அடிபடுவது கிக்கும் வேனிஷும்தான். கிக்கை மந்திரம் முடியும் தறுவாயில் அடிக்கப் பார்க்காமல், தொடங்கியதுமே அடியுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆடுகிறீர்கள் என்றால் முதலில் அதை விடுங்கள். ஃபைபர் இணைப்பு எடுத்து, வைஃபைகூட வேண்டாம், லேன் கேபிளை நேராகச் செருகுங்கள். பிங் நிலையாக 200 இருந்தால் பழகிவிடலாம், 90க்கும் 400க்கும் துள்ளினால் யாராலும் ஆட முடியாது.

ரெய்டு நேரத்தையும் உங்கள் ஷிஃப்டோடு சேர்த்துப் பாருங்கள். சர்வர் ஆஸ்திரேலியாவில் இருந்து, ரெய்டு சிட்னி நேரம் இரவு 8 மணி என்றால் நமக்கு மதியம் 3.30, அங்கே கோடைக்காலத்தில் 2.30. முதல் ஷிஃப்ட் முடித்து வந்து உட்கார்வது கஷ்டம், கிருஷ்ணகிரி வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஐரோப்பிய சர்வரில் மத்திய ஐரோப்பிய நேரம் இரவு 8 என்றால் நமக்கு நள்ளிரவு 12.30, அவர்கள் கோடையில் 11.30. இரண்டாம் ஷிஃப்ட் முடித்து பத்து மணிக்குப் பஸ் பிடிக்கிறவருக்கு இது ஒத்துவரும். மறுநாள் காலை ஷிஃப்ட் இருக்கிற வாரம் ஐரோப்பிய ரெய்டு வேண்டவே வேண்டாம். மெஷின் முன்னால் தூக்கக் கலக்கத்தோடு நிற்பதற்கு எந்த விளையாட்டும் ஈடாகாது. ஷிஃப்ட் மாறுகிற வாரங்களை கில்டு (சேர்ந்து ஆடும் குழு) தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வார இறுதி ரெய்டு மட்டும் வருகிறேன் என்றால் ஒத்துக்கொள்கிற கில்டுகள் இருக்கின்றன.

சித்திரை, வைகாசியில் மாங்காயை உதிர்க்கிற காற்று அடித்தால் நம் பக்கம் கரண்ட் போவது உங்களுக்கே தெரியும். லேப்டாப் பேட்டரியில் தாங்கும், ரூட்டர் அணைந்துவிடும். ரூட்டருக்கென்று விற்கிற சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள், புது வாளைவிட அது முதலில்.