சுட்ட புண்ணுக்குத் தேன்: எப்போது, எவ்வளவு, எப்படி?

கேள்வி: எண்ணெய் தெறித்துக் கொப்புளம் வந்தால் எங்கள் வீட்டில் உடனே தேன் தடவுவார்கள். அது சரியா? தேன் தோலை வளர்க்கும் என்பது உண்மையா?

'உடனே' தடவக் கூடாது. சுட்ட இடத்தை முதலில் குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். உள்ளே தங்கிய சூடு இறங்கினால்தான் தோலின் அடியடுக்குச் செல்கள் பிழைக்கும். அதற்கு முன்பே எதைப் பூசினாலும் சூட்டை மூடிவைத்தது போலாகும். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

அதன் பிறகு தேனுக்கு உண்மையிலேயே வேலை உண்டு. தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை. தண்ணீர் 17, 18 சதவீதம்தான். கிருமி வளர ஈரமே மிஞ்சாது. போதாததற்குப் புளிப்புத்தன்மையும் இருக்கிறது. புண்ணிலிருந்து கசியும் நீர் பட்டுத் தேன் இளகும்போது, தேனீ அதில் சேர்த்த குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி வேலை செய்யத் தொடங்கி, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறுகச் சிறுக விடுகிறது. மருந்துக்கடையில் வாங்கும் 3 சதவீத பெராக்சைடைப் புண்ணில் ஊற்றினால் கிருமியோடு தோல் செல்லும் சாகும். தேனில் ஊறுவது அதில் மிகச் சிறு பங்கு என்பதால் செல் தாங்கிக்கொள்கிறது.

ஆய்வுக்கூடத்தில் மேல்தோல் செல்களைத் தட்டில் வளர்த்து, நடுவே கீறல் போட்டுச் சோதித்திருக்கிறார்கள். நன்றாக நீர்த்த தேன் பட்ட தட்டில் செல்கள் நகர்ந்து வந்து கீறலை விரைவாக மூடின. தேனின் அடர்த்தி கூடினால் அதே செல்கள் வாடிவிடுகின்றன. ஆனால் தட்டில் நடப்பது உடம்பிலும் நடந்தாக வேண்டும் என்பதில்லை. ஆகவே நோயாளிகளிடம் கண்டதே முக்கியம்.

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் மருத்துவர் சுப்ரமண்யம் 1991இல் வெளியிட்ட ஆய்வில் தீக்காயம் பட்ட 104 பேர் இருந்தார்கள். தேன் கட்டியவர்களில் 91 சதவீதம் பேரின் புண் 7 நாளில் கிருமியற்றுப்போனது. தீக்காயத்துக்கு வழக்கமாகப் போடும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு போட்டவர்களில் 7 சதவீதம்தான். இத்தகைய ஆய்வுகளில் பல ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2015இல் எல்லாவற்றையும் அலசி, ஆழமில்லாத தீக்காயம் வழக்கமான கட்டுகளைவிடத் தேனில் 4, 5 நாள் முன்னதாக ஆறுகிறது என்றே கண்டது.

கேள்வி: அடுக்களையில் இருக்கும் தேனே போதுமா? எப்படிக் கட்டுவது?

போதாது. கடைத்தேனைச் சூடாக்கித்தான் பெரும்பாலும் பாட்டிலில் அடைக்கிறார்கள். சூட்டில் அந்த நொதி போய்விடும். சூடாக்காத மலைத்தேனில் நொதி இருக்கும், கூடவே கிளாஸ்ட்ரிடியம் என்ற நச்சுக் கிருமியின் வித்துகளும் இருக்கலாம். காமா கதிரால் தூய்மை செய்து டியூபில் வரும் மருத்துவத் தேனே புண்ணுக்கு உரியது. கதிர் வித்துகளைக் கொல்லும், நொதியைக் கெடுக்காது.

தேனைப் புண்ணில் நேரே ஊற்றினால் வழிந்தோடிவிடும். 10 செ.மீ. சதுர காஸ் துணிக்கு 20 மில்லி, அதாவது நாலு டீஸ்பூன் தேனை ஊறவிட்டு, புண்ணின் ஓரத்தைத் தாண்டி மூடும்படி வையுங்கள். மேலே கசிவை உறிஞ்ச ஒரு தடித்த பேட், பிறகு கட்டு. தேன் கெட்டியாக இருந்தால் டியூபை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் போதும், அடுப்பில் காட்டாதீர்கள்.

முதல் சில நாள் தினமும் மாற்றுங்கள். பேட் நனைந்துவிட்டால் நாள் கணக்குப் பார்க்காமல் அப்போதே மாற்றுங்கள். காஸ் ஒட்டிக்கொண்டால், தேன் கரைந்து போய்விட்டது, மாற்றத் தாமதித்துவிட்டீர்கள் என்று பொருள். பிய்த்து எடுத்தால் புதிதாக மூடிய மெல்லிய தோலும் கூடவே வந்துவிடும். சலைனில் (மருத்துவ உப்பு நீரில்) நனைத்து, தானாக விடும்வரை பொறுங்கள். ஓரத் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தால் பேட் போதவில்லை. ஓரத்தில் வாசலின் தடவி, பேட்டைத் தடிமனாக்குங்கள். கட்டியதும் சற்று எரியும், அது புளிப்பால். எரிச்சல் அடங்காவிட்டால் கழுவி எடுத்துவிடுங்கள்.

தேனீ ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வேண்டாம். முகத்திலோ மூட்டிலோ சுட்டிருந்தாலும், தீக்காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். உள்ளங்காலில் புண் ஆறவே மாட்டேன் என்கிறது. தேன் கட்டலாமா?

வீட்டில் வேண்டாம். சர்க்கரைக் கால்புண்ணுக்குத் தேன் நிச்சயம் உதவும் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை. அங்கே புண் ஆறாததற்குக் காரணம் பெரும்பாலும் ரத்த ஓட்டக் குறைவு, மரத்துப்போன காலில் விழும் அழுத்தம், எலும்புவரை போன சீழ். மேலே எதைக் கட்டினாலும் இவை மாறா. கணுக்காலில் நாடித் துடிப்பு கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, இந்த வாரமே அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அந்தக் காலை ஊன்றாமல் இருக்கட்டும்.