மூன்று நாளில் ஐந்து கடற்கரை ஊர்கள்: எதை வைக்கலாம், எதை விடலாம்?

கேள்வி: நாங்கள் கிருஷ்ணகிரியில் இருக்கிறோம். காலாண்டு லீவில் மூன்று நாள் கிடைக்கிறது. சொந்தக் காரில் மாமல்லபுரம், பாண்டிச்சேரி, பிச்சாவரம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி எல்லாம் பார்த்துவிட முடியுமா? பிள்ளைகளுக்கு வயது பத்து, ஆறு. முழங்கால் வலியுள்ள மாமியாரும் வருகிறார். கணவருக்குக் கிணற்று நீச்சல் நன்றாகத் தெரியும். பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா?

பதில்: ஐந்து ஊரையும் ஓட்டி முடித்துவிடலாம். ஆனால் பிள்ளைகளுக்குக் கடலில் கால் நனைக்க நேரம் இருக்காது. வேளாங்கண்ணியிலிருந்து வீடு திரும்ப மட்டுமே 350 கிலோமீட்டர் போல ஆகும். அதையும் தரங்கம்பாடியையும் சேர்த்து இன்னொரு லீவுக்கு வையுங்கள். மாமல்லபுரம் எதிர்த்திசையில், பாண்டிக்கு வடக்கே இருக்கிறது. சென்னை போகும்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போது பாண்டியில் இரண்டு இரவு, நடுவில் ஒரு நாள் பிச்சாவரம். இது போதும்.

ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பாண்டி ஏறக்குறைய 210 கிலோமீட்டர். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினால் காலைச் சாப்பாடு திருவண்ணாமலையில். அதற்குமுன் காலண்டரைப் பார்த்துவிடுங்கள். பௌர்ணமியாக இருந்தால் கிரிவலக் கூட்டத்தில் அந்த ஊரைக் கடப்பதே பெரும்பாடு. சனி, ஞாயிறும் வேண்டாம். பெங்களூர், சென்னை வண்டிகள் எல்லாம் அன்றைக்குத்தான் பாண்டியில் இருக்கும், அறை வாடகையும் ஏறிவிடும்.

இனி முக்கியமான விஷயம். கிணற்று நீச்சலை நம்பிக் கடலில் இறங்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், கடல் அப்படியில்லை. கரையில் மோதிய அலைநீர் ஏதாவது ஒரு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு வேகமாக உள்ளே திரும்பும். இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைய, நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தால் பெரும்பாலும் இழுப்பு அங்கேதான். பார்க்க நல்ல இடம் போலத் தோன்றுவதால் பலர் அங்கேயே இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக்கூடாது; நல்ல நீச்சல்காரரும் அதில்தான் களைத்துப்போகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் திரும்ப வேண்டும். பிள்ளைகளுக்குக் கணுக்கால் ஆழமே எல்லை. ஆளுக்கு ஒருவராகக் கையைப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள். அந்த நேரத்தில் போன் பையிலேயே இருக்கட்டும்.

பாண்டி கடற்கரைச் சாலை ஓரமெல்லாம் கருங்கல், பாசி பிடித்து வழுக்கும். அங்கே இறங்க வேண்டாம். மாலையில் அந்தச் சாலையில் வண்டி விடுவதில்லை, மாமியார் நிம்மதியாக நடக்கலாம். மணலில் விளையாடக் கடலூர் சில்வர் பீச் நல்லது. இரண்டாம் நாள் காலை வெயில் ஏறுவதற்குள் அங்கே விளையாட்டை முடித்துவிட்டு, அப்படியே சிதம்பரம் தாண்டிப் பிச்சாவரம் போய்விடலாம். அங்கே துடுப்புப் படகையே எடுங்கள், அலையாத்திக் காட்டின் குறுகலான கால்வாய்களுக்குள் நுழைவது அதுதான். லைஃப் ஜாக்கெட் ஆறு வயதுப் பிள்ளைக்கு இறுக்கமாக நிற்கிறதா என்று தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். கழன்று மேலே வந்தால் சின்ன அளவு கேளுங்கள்.

திரும்பும்போது செஞ்சியில் இறங்கலாம். ராஜகிரி உச்சிக்கு ஏறவேண்டியதில்லை, அடிவாரத்திலேயே கல்யாண மகாலும் களஞ்சியமும் இருக்கின்றன.

பயணம் அரையாண்டு லீவுக்குத் தள்ளிப்போனால் வானிலை அறிவிப்பைப் பார்த்தே கிளம்புங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரி அருகே. அடுத்த ஓரிரு நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது நம் ஊத்தங்கரையில். கடற்கரைக்குப் புயல் எச்சரிக்கை என்றால் நீங்கள் போகிற சாலைக்கும் சேர்த்துத்தான். அறைக்குக் கொடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்லை, தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.